61 கிலோ எடையும் ஒரு ஹோபி 16-உம்

போன வருடம் தனியாக ஓட்டுவதற்கென்று ஒரு ஹோபி 16 கேட்டமரான் (இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு) வாங்கினேன். கோடை முடிவதற்குள் நஷ்டத்துக்கு விற்றேன். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு பவுண்டு போனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, தேம்ஸ் முகத்துவாரத்தில் கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்துகொண்டு, கரை தள்ளிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம்தான் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. வாங்குவதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் கேட்டேன், எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் ஒருவர்கூட என் எடை என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

நான் எஸ்ஸெக்ஸில் இருக்கிறேன், சவுத்எண்ட் கடற்கரைக்குக் காரில் அரை மணி நேரம். அதற்கு முன்னால் சில வருடங்கள் ஒரு நீர்த்தேக்கத்தில் லேசர் என்கிற ஒற்றையாள் பாய்மரப் படகு ஓட்டினேன், இப்போது ஐஎல்சிஏ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். 4.23 மீட்டர் நீளம், ஹல், அதாவது படகின் உடல், 59 கிலோ. கவிழ்ந்தால் நடுப்பலகை (படகுக்கு அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை) மேல் ஏறி நின்று பின்னால் சாய்ந்தால் போதும், எழுந்துவிடும். பாதி நேரம் தலைமுடிகூட நனையாது. ஒரு நாள் கடலில் ஒருவர் தன் கேட்டமரானில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். காற்று ஏறியதும் ஒரு ஹல் தண்ணீரை விட்டு மேலே கிளம்பியது, கீழே இருந்த ஹல் மட்டும் சீறிக்கொண்டு போனது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். வீட்டுக்காரருக்குப் படகு என்றாலே தலை சுற்றும், வாராவாரம் துணைக்கு ஆள் தேடுவது தனி உத்தியோகம். அதனால் தனியாக ஓட்டத்தான் வேண்டும்.

யாரைக் கேட்டாலும் ஹோபி 16 என்றுதான் சொன்னார்கள். காரணம் இல்லாமல் இல்லை. கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர் முதலில் 14 அடிப் படகைக் கொண்டுவந்தார், அது 1968. அடுத்து வந்த 16 உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நடுப்பலகை கிடையாது, வாழைப்பழம் மாதிரி வளைந்த இரண்டு ஹல், நேராக மணலில் ஏற்றி நிறுத்தலாம். உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், பழைய படகு மலிவு. டிரெய்லர், டிராலி, இரண்டு செட் பாய் எல்லாம் சேர்த்து எனக்கு 1,500 பவுண்டு. விற்றவர் தானே பல வருடம் தனியாகத்தான் ஓட்டியதாகச் சொன்னார். அது பொய் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். மனிதர் ஆறடிக்கு மேல் உயரம், எப்படியும் 95 கிலோ இருப்பார்.

எண்களைப் பாருங்கள். ஹோபி 16-இன் நீளம் 5.04 மீட்டர், எடை 145 கிலோ, பெரிய பாயும் முன்பாயும் சேர்த்து 20 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த வகுப்பின், அதாவது அந்த வகைப் படகின், பந்தய விதியில் ஓட்டுகிற இரண்டு பேரின் எடையும் சேர்த்துக் குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும், குறைந்தால் ஈடுகட்டப் பளு ஏற்ற வேண்டும். நான் 61 கிலோ. இந்தப் படகு எதிர்பார்க்கிற எடையில் பாதிகூட நான் இல்லை. இந்த 129 என்ற எண் இணையத்தில் தேடினால் கிடைக்கிற விஷயம்தான், ஆனால் தேட வேண்டும் என்று தெரிந்தால்தானே தேடுவோம். அதனால் முதல் ஆலோசனை இதுதான்: எந்தப் படகைப் பார்த்தாலும் நீளம், விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வகுப்பில் ஓட்டுபவரின் எடை என்ன என்று பாருங்கள். அனுபவம் சொல்கிறவரிடம் வெட்கப்படாமல் அவர் எடையைக் கேளுங்கள். 85 கிலோ ஆணின் அனுபவம் 61 கிலோ பெண்ணுக்குப் பாதிதான் பொருந்தும்.

பிரச்சினை தண்ணீரில் இறங்குவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. பாய்மரம் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அலுமினியம். தூக்குகிற எடைதான், ஆனால் நுனி அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது காற்று கொஞ்சம் அசைத்தாலே நாம் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். மரத்தைத் தாங்குகிற இரண்டு பக்கக் கம்பிகளையும் முதலில் மாட்டிவிட்டு, முன்கம்பியில் நீளக் கயிறு ஒன்றைக் கட்டி டிரெய்லரின் விஞ்ச் வழியாக இழுத்துத் தனியாக நிறுத்தலாம் என்று அப்புறம் கற்றுக்கொண்டேன். ஆனாலும் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால்தான் நிம்மதி. மேலே மின்கம்பி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அண்ணாந்து பார்க்க வேண்டும், இதில் விளையாட்டே கிடையாது. பெரிய பாயை மேலே ஏற்றியதும் மர உச்சியில் உள்ள கொக்கியில் அது போய்ச் சிக்க வேண்டும். கரையில் நின்றுகொண்டு கழுத்து வலிக்க ஆட்டி ஆட்டி மாட்டிவிடலாம். அதையே கடலில், ஆடுகிற படகில், காற்று ஏறிவிட்டதே, பாயை இறக்குவோம் என்று முயன்று பாருங்கள். தனியாக இருந்தால் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சவுத்எண்ட் பக்கம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சேறு தெரியும். கடல் வற்றினால் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் பின்வாங்கிவிடும், அங்கே கடலுக்குள் நீண்டிருக்கிற நடைபாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமாகக் கட்டப்பட்டதே அதனால்தான். கரையிலிருந்து படகு இறக்க வேண்டுமென்றால் முழு ஏற்றத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் அவகாசம். தாமதமாக வந்தால் 145 கிலோவைச் சேற்றில் இழுக்க வேண்டும். படகோடு வந்த டிராலிச் சக்கரங்கள் சிறியவை, சரளைக்கல்லில் அப்படியே புதைந்தன. பெரிய பலூன் சக்கரத்துக்கு 180 பவுண்டு தண்டம். அதற்கு அப்புறமும் சரிவில் ஏற்ற யாராவது வந்து கை கொடுக்க வேண்டியிருந்தது. தனியாக ஓட்டுவது என்றால் கரையிலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து கரைக்கும் தனியாகக் கொண்டுபோவதும் சேர்த்துத்தான். படகு பார்க்கப் போகும்போது அதை டிராலியில் வைத்து ஒரு ஏற்றத்தில் நீங்களே இழுத்துப் பாருங்கள், விற்பவரை உதவிக்கு வர விடாதீர்கள்.

சரி, கவிழ்ந்த கதைக்கு வருகிறேன். ஜூன் மாதம், வானிலையில் 12 முதல் 14 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) காற்று என்று போட்டிருந்தது. மற்றவர்கள் கரையேற ஆரம்பித்துவிட்டார்கள், நான் இன்னும் ஒரு சுற்று என்று வெளியே போனேன். டிரபீஸில், அதாவது மரத்திலிருந்து வரும் கம்பியை இடுப்பில் மாட்டிப் படகுக்கு வெளியே, தொங்கிக்கொண்டு நல்ல வேகத்தில் போகும்போது ஒரு வீச்சு வந்தது, இருபதைத் தாண்டியிருக்கும். கீழ்ப்பக்க ஹல்லின் மூக்கு அலைக்குள் போனது. ஹோபி 16-க்கு மூக்கில் மிதப்பு குறைவு, அது ஊரறிந்த விஷயம். படகு அப்படியே நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. கம்பியில் தொங்கியபடியே முன்பக்கமாகச் சுழன்று முன்கம்பியைத் தாண்டிப் போய் விழுந்தேன். மேலே வந்து பார்த்தால் படகு ஒருச்சாய்ந்து கிடக்கிறது, பாய்மரம் தண்ணீரின் மேல்.

எனக்கு நிமிர்த்துகிற முறை தெரியும், பயிற்சி வகுப்பில் செய்திருக்கிறேன், இரண்டு பேராக. பாய்க்கயிறு இரண்டையும் கிளீட்டிலிருந்து (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடிப்பான்) விடுவித்தேன். விடுவிக்காவிட்டால் படகு எழுந்த கையோடு நம்மை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். கீழே கிடக்கிற ஹல்லின் மூக்குப் பக்கம் போய் நின்றேன், அப்போதுதான் படகு மெல்லக் காற்றை நோக்கித் திரும்பும், காற்று பாய்க்கு அடியில் புகுந்து தூக்கும். மேல் ஹல்லைச் சுற்றிப் போட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்குப் பின்னால் சாய்ந்தேன். மர நுனி ஒரு சாண் எழுந்தது. அப்புறம் அப்படியே நின்றது. நான் மூச்சு விட்டால் கீழே போகிறது, இறுக்கினால் அந்த ஒரு சாண் எழுகிறது. கயிற்றை டிரபீஸ் கொக்கியில் மாட்டி முழு எடையையும் அதில் போட்டேன், ஹெல்மெட்டில் தண்ணீர் மொண்டு கையில் பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. படகு ஒருச்சாய்ந்து கிடக்கும்போது நாம் போராடுவது ஹல்லின் எடையோடு இல்லை, அது பெரும்பாலும் தண்ணீரில் உள்ள ஹல்லுக்கு நேர் மேலேதான் நிற்கிறது. போராட்டம் எல்லாம் பாய்மரத்தோடு. எட்டு மீட்டர் மரம், அதன் எடை சராசரியாக நாலு மீட்டர் தள்ளி இழுக்கிறது, அதன் மேல் தண்ணீர் சுமந்த பாய். இந்தப் பக்கம் நான் எவ்வளவு சாய்ந்தாலும் என் எடை ஒரு மீட்டர் தள்ளித்தான் இருக்கும். 61 கிலோ ஒரு மீட்டர் தூரத்தில், அந்தப் பக்கம் மரம் நாலு மீட்டரில். இதில் திறமைக்கு வேலையே இல்லை. ‘டெக்னிக் சரியில்லை’ என்று அப்புறம் கிளப்பில் ஒருவர் சொன்னபோது எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ‘முன்பாயைக் கழற்றிவிட்டு ஓட்டு, எளிதாகிவிடும்’ என்றார் இன்னொருவர். முன்பாயைக் கழற்றினாலும் மரம் அதே மரம்தானே, நிமிர்த்துவது எப்படி எளிதாகும்? அதோடு அந்தப் படகு முன்பாயோடு சேர்த்து வடிவமைத்தது, அது இல்லாமல் ஓட்டினால் சுக்கான் கையைப் பிய்க்கும், காற்றுக்கு எதிராகத் திரும்பவே மறுக்கும். நான் செய்து பார்த்துவிட்டேன்.

அதற்குள் வற்றம் ஆரம்பித்துவிட்டது. இரண்டு ஹல்லுக்கும் நடுவில் நாம் உட்காரும் துணித்தளமான டிராம்போலின் காற்றில் பாய் போல நிற்கிறது, காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது, வற்றம் கிழக்கே இழுக்கிறது. ஜூன் மாதம்தானே என்று மெல்லிய வெட்சூட்தான் போட்டிருந்தேன். விரல்கள் முதலில் வலித்தன, அப்புறம் வலிப்பது நின்றது, அதுதான் பயமாக இருந்தது. ஓய்வெடுக்கலாம் என்று ஹல்லின் மேல் ஏறி உட்கார்ந்தபோது படகு முழுவதுமாகத் தலைகீழாகப் புரண்டது. ஆழம் குறைவான இடம், மர நுனி சேற்றில் குத்திக்கொண்டது. பக்கத்துக் கிளப்பின் மீட்புப் படகு என்னைப் பார்த்துவிட்டு வந்தது. மரத்தைச் சேற்றிலிருந்து இழுத்து எடுத்து, நுனியை அவர்களே தூக்கிக் கொடுத்ததும், அத்தனை நேரம் நான் மல்லுக்கட்டிய படகு சில நொடியில் எழுந்து நின்றது. மரம் வளைந்திருந்தது. பழைய மரம் ஒன்று தேடி வாங்க 350 பவுண்டு. அன்று காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், வீட்டில் சொல்லவில்லை.

இதிலிருந்து வருகிற யோசனைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மர உச்சியில் ஒரு மிதவை மாட்டுங்கள், அழகாக இருக்காது, ஆனால் தலைகீழாகப் புரளாது. தண்ணீர் மொண்டு தொங்கவிடுகிற நிமிர்த்தும் பை, நிமிர்த்தும் கழி எல்லாம் விற்கிறார்கள். பையை நானும் வாங்கினேன், கயிறுகளோடு அறுபது பவுண்டு. ஹோபியில் எனக்கு அது போதவில்லை, காற்று நன்றாக இருந்தால் மட்டும் எழுந்தது. ஆகவே எந்தப் படகாக இருந்தாலும் வாங்கிய முதல் வாரமே, காற்று லேசாக உள்ள நாளில், பக்கத்தில் ஒரு மோட்டார் படகை நிறுத்திக்கொண்டு, மரம் தரையில் குத்தாத ஆழத்தில் வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். முடிந்தால் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுப் பாருங்கள், தன் படகின் மேல் நம்பிக்கை உள்ளவர் சம்மதிப்பார். இடுப்பில் ஒரு விஎச்எஃப் கையடக்க ரேடியோ, ஆபத்தில் உதவி கேட்கச் சேனல் 16, அது படகில் இல்லாமல் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். உடையைக் காற்றின் வெப்பத்துக்கு இல்லாமல் தண்ணீரின் வெப்பத்துக்குப் போடுங்கள்.

900 பவுண்டுக்கு விற்றேன். வாங்கியவர்கள் ஒரு அப்பாவும் மகனும், இரண்டு பேராக ஓட்டப் போகிறவர்கள், அவர்களுக்கு அது அருமையான படகு. அடுத்து எது என்று தேடியபோது மனம் முதலில் ஏ-கிளாஸ் பக்கம்தான் போனது. தனியாள் பந்தயத்துக்கென்றே உள்ள கேட்டமரான், 5.49 மீட்டர் நீளம், 2.30 அகலம், ஒரே பாய், மரத்தோடு சேர்த்து 13.94 சதுர மீட்டர், மொத்தப் படகும் 75 கிலோ வரை குறைந்திருக்கலாம். ஒன்பது மீட்டர் மரம்தான், ஆனால் கார்பன் ஆனதால் என்னைப் போன்றவர்களே நிமிர்த்திவிடலாம். புதியவை தண்ணீருக்கு மேலே ஃபாயிலில் (தண்ணீருக்குள் இருந்து படகைத் தூக்கும் சிறகு) பறக்கின்றன, பறக்காதவர்களுக்கு கிளாசிக் என்று தனிப் பிரிவு இருக்கிறது. பழைய கிளாசிக் படகு சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைக்கிறது, ஒன்றைப் போய்ப் பார்த்தும் வந்தேன். ஹல்லைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. எங்கள் சரளைக் கரையில் தனியாக ஏற்றி இறக்க, அந்த முட்டை ஓட்டை நம்பி அத்தனை பணம் போட மனம் வரவில்லை. மென்மையான மணல் கரையோ, புல்தரையும் சரிவுப் பாதையும் உள்ள நீர்த்தேக்கமோ பக்கத்தில் இருந்தால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

எஃப்16 என்று இன்னொரு வகை, 5 மீட்டர் நீளம், 2.5 அகலம், தனியாகவும் ஓட்டலாம், இருவராகவும் ஓட்டலாம். காற்றோடு போகும்போது விரிக்கிற பெரிய முன்பக்கப் பாயான ஸ்பின்னேக்கரும் உண்டு. தனியாக அதை ஏற்றி, இறக்கி, சுக்கானையும் பார்த்துக்கொள்ள எனக்கு இன்னும் இரண்டு கை வேண்டும். இருவர் ஓட்டுகிற டார்ட் 18 கேட்டமரானைத் தனியாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், மறுபடியும் அதே எடைப் பிரச்சினை. ஹோபி 14 பொருத்தமாகத்தான் இருந்தது, 4.27 மீட்டர், ஒரே பாய். ஆனால் எங்கள் பக்கம் அதை ஓட்டுகிறவர்களே இல்லை, யாரோடு பந்தயம் விடுவது? வேறு வேறு படகுகளோடு ஹேண்டிகேப் கணக்குப் போட்டு (படகின் வேகத்துக்கேற்ப நேரத்தைச் சரிசெய்து) ஓடலாம்தான், ஆனால் ஒரே வகைப் படகுகளோடு சேர்ந்து ஓடினால் கற்றுக்கொள்கிற வேகமே வேறு. உங்கள் கிளப்பில் எந்தப் படகு ஏற்கெனவே ஓடுகிறதோ அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு முன்னுரிமை கொடுங்கள். பக்கத்தில் உங்கள் எடையில் ஒருவர் அதே படகை ஓட்டினால் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அப்படித்தான் ஸ்பிரிண்ட் 15-க்கு வந்து சேர்ந்தேன், பழைய பெயர் டார்ட் 15. 4.54 மீட்டர், முன்பாய் இல்லாமல் தனியாக ஓட்டுவதற்கே ஏற்றது, இங்கிலாந்தில் நல்ல கூட்டம் உண்டு. நடுப்பலகை இல்லை, ஹல்லுக்கு அடியில் நிலையான சிறகு மட்டும். பாய்க்குக் கீழே குறுக்குக் கட்டையும் இல்லை, தனியாகப் பக்கம் மாறும்போது தலையில் அடி வாங்குகிற பயம் போனது, ஹோபியில் அதற்காகவே ஹெல்மெட் போட்டிருந்தேன். பார்க்க ஏ-கிளாஸ் போலக் கவர்ச்சியாக இருக்காது, ஹோபி அளவுக்கு வேகமும் இல்லை. ஆனால் 14 நாட் காற்றில் நான் முழுப் பாயோடு ஓட்டுகிறேன், ஹோபியில் அந்தக் காற்றில் பாதி நேரம் பாயைத் தளர்த்தித் தளர்த்தியே காலம் போனது. கவிழ்த்துப் பார்த்தேன். காற்று இருந்தால் ஒரே சாய்ப்பில் எழுகிறது, காற்றே இல்லாத நாளில் அந்தத் தண்ணீர்ப் பையை எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் பை எப்போதும் கூடவே இருக்கிறது. ஒரு குறை சொல்லியாக வேண்டும்: முன்பாய் இல்லாததால் காற்றுக்கு எதிரே திரும்பும்போது நடுவில் நின்றுவிடும். வேகம் இருக்கும்போதே, சுக்கானை வெட்டித் திருப்பாமல் மெதுவாகத் திருப்ப வேண்டும். நின்றுவிட்டால் பாயை விட்டுவிட்டு, சுக்கானை எதிர்ப்பக்கம் வைத்துப் பின்னோக்கிப் போக விடுங்கள், மூக்கு தானாகச் சாயும்.

பழைய படகு பார்க்கும்போது நான் இப்போது செய்கிறவை: ஒரு நாணயத்தால் ஹல் முழுக்கத் தட்டிக்கொண்டே போவேன், முக்கியமாக இரண்டு ஹல்லையும் இணைக்கிற முன் பீமுக்கு முன்னால் உள்ள மேல்பாகம். ‘டிக் டிக்’ என்று கேட்கிற சத்தம் ‘தொப்’ என்று மாறுகிற இடத்தில் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. ஹல்லுக்குள் புகுந்த தண்ணீரை வடிக்கிற துளையின் அடைப்பானைத் திறந்து அந்தத் துளையில் வாயால் ஊதிக்கொண்டே, விளிம்பு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஒழுகும் இடத்தில் குமிழி வரும், கம்ப்ரெஸ்ஸர் மட்டும் வைத்துவிடாதீர்கள், ஹல் வெடித்துவிடும். கம்பிகள் முனையில் உள்ள குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் முழுசாக மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். டிராம்போலினின் தையலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெயிலில் நூல் மக்கியிருந்தால் அப்படியே வந்துவிடும். சுக்கான்களை ஆட்டிப் பார்த்து ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள். டிரெய்லர் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள், கரகரத்தால் பேரிங் போய்விட்டது, நெடுஞ்சாலையில் அது நம்மைச் சோதிக்கும்.

டிரெய்லர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1997-க்கு அப்புறம் பிரிட்டனில் லைசென்ஸ் எடுத்தவர்கள் இழுவைக்குத் தனித் தேர்வு எழுத வேண்டுமோ என்று இன்னும் கேட்கிறார்கள், 2021 டிசம்பரிலிருந்து வேண்டியதில்லை. டிரெய்லர் அகலம் 2.55 மீட்டருக்குள் இருந்தால் சரி, நான் மேலே சொன்ன படகுகள் எல்லாம் பிரிக்காமலே அதற்குள் வந்துவிடும். பாய்மரம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிவப்புத் துணி கட்ட மறக்காதீர்கள். இழுக்கும்போது இரட்டைப் பாதையில் 60 மைல்தான் வரம்பு, 70 இல்லை.